வீட்டுக்கு நிதி திரட்ட வேண்டும், ஆனால் வீடு தெரியக் கூடாது: எப்படி எழுதுகிறீர்கள்?

குடைராட்டினம் (இழையைத் தொடங்கியவர்):

வணக்கம். தாம்பரம் பக்கம் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் தகவல் தொடர்பு வேலை பார்க்கிறேன். ஆண்டறிக்கை, முகநூல் பக்கம், நன்கொடையாளர் கடிதம், போட்டோ, பேனர், ஆள் இல்லாத நாளில் டீ வாங்கி வருவது, எல்லாம் நான்தான்.

எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களுக்கு வாடகை வீடு பிடித்துக் கொடுப்பதுதான் எங்கள் வேலை. கணவர் இறந்ததும் மாமியார் வீட்டில் இடம் இல்லாமல் போன பெண்கள், சானடோரியம் ஆஸ்பத்திரிக்குச் சிகிச்சைக்கு வந்து ஊர் திரும்ப முடியாதவர்கள், திருநங்கைகள் சிலர். அட்வான்சும் முதல் ஆறு மாத வாடகையும் எங்கள் பொறுப்பு. அப்புறம் அவர்களே கட்டிக்கொள்வார்கள். பெரும்பாலும் கட்டியும் விடுகிறார்கள்.

போன வருடம் ஒரு கம்பெனி சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி) பணம் கொடுத்தது. நல்ல தொகை. கூடவே நிபந்தனை: பயனாளிகள் வீட்டு வாசலில், கம்பெனி பெயர்ப்பலகையோடு, ஜியோடேக் (எடுத்த இடம் பதிந்த) போட்டோ வேண்டும். நான் எல்லோரையும் முதுகு காட்டி நிற்க வைத்து எடுத்தேன். போதாக்குறைக்கு ஒரு குழந்தையின் பின்னலைக்கூட மங்கலாக்கினேன். பெரிய சாமர்த்தியம் செய்துவிட்டதாக நினைப்பு.

கம்பெனிக்காரர்கள் அந்தப் படத்தை அப்படியே தங்கள் பக்கத்தில் போட்டுவிட்டார்கள். கீழே ஒரு கறுப்புப் பட்டை, அதில் தேதி, நேரம், அட்சரேகை, தீர்க்கரேகை, தெருப்பெயர். மேலே 'எச்.ஐ.வி. பாதித்தோருக்கான இல்லம்' என்று தலைப்பு. முகத்தை மறைத்த நான் பச்சை கேட்டை மறைக்கவில்லை. மூன்று வாரம் கழித்து வீட்டுக்காரர் போன் செய்தார். திட்டவில்லை. "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, மாடியில இருக்கறவங்க கேக்கறாங்க" என்றார். அந்த வீட்டில் இருந்த ஒரு அம்மா, பத்தாம் வகுப்பு படிக்கிற மகளைக் கூட்டிக்கொண்டு பொதுத்தேர்வுக்கு நாற்பது நாள் முன்னால் காலி செய்தார். சாமான் ஏற்றின குட்டி யானைக்கு வாடகையும் எங்கள் கணக்கில்தான் எழுதினோம்.

இந்த வருடமும் அதே கம்பெனி, அதே நிபந்தனை. எங்கள் அறங்காவலர் ஒருவர் "கண்ணீர் காட்டாமல் காசு வராது" என்கிறார். இந்த வேலையில் உள்ளவர்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?


பழையநோட்டீஸ்:

முதலில் அந்த அம்மாவும் பெண்ணும் இப்போது எங்கே?

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நான் 90களின் கடைசியிலிருந்து இந்தத் துறையில் துண்டுப்பிரசுரம் எழுதியவன். இப்போது ஓய்வு. நம் ஊரில் எச்.ஐ.வி. பற்றிய பிரசாரம் எல்லாமே 'வராமல் தடு' என்ற ஒரே நோக்கத்தில் வளர்ந்தது. 1986இல் இந்தியாவின் முதல் தொற்று சென்னையில் கண்டுபிடிக்கப்பட்டது, டாக்டர் சுனிதி சாலமனும் அவர் மாணவி நிர்மலாவும் சேர்த்த ரத்த மாதிரிகளில். அதிலிருந்து பல வருடம் மண்டை ஓடு, பாம்பு, 'உயிர்க்கொல்லி'. அப்புறம் 2000களின் தொடக்கத்தில் புள்ளிராஜா என்ற விளம்பரப் பாத்திரம். 'புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?' என்று ஊரெல்லாம் பலகை. டீக்கடையில் வாய் திறந்து பேச வைத்தது அந்தப் பலகைதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள், அது கேட்டது வருமா வராதா என்றுதான். வந்தவன் மறுநாள் எங்கே படுப்பான், யார் வீடு கொடுப்பார்கள் என்று எந்தப் பலகையும் கேட்கவில்லை. பயமுறுத்திச் சொல்லிக் கொடுத்த ஊரிடமே இப்போது நீங்கள் வாடகைக்கு வீடு கேட்கிறீர்கள். மாடிவீட்டுக்காரர் படித்தது நாங்கள் எழுதிய பாடத்தைத்தான்.

ஜியோடேக் பற்றி ஒரு நடைமுறை விஷயம். பட்டையை வெட்டினால் மட்டும் போதாது. போட்டோக் கோப்புக்குள்ளேயே இடம் பதிந்திருக்கும். போனில் கேமராவுக்கான லொகேஷன் அனுமதியை எடுத்துவிட்டுத்தான் படம் எடுக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் கோப்பாக அனுப்புவதும், படமாக அனுப்புவதும் ஒன்றல்ல; கோப்பாக அனுப்பினால் அந்த இடத் தகவலும் கூடவே போகும்.


வாடகைவிடுபவன்:

இங்கே எதிர்ப்பக்கம் பேச ஆள் இல்லை போலிருக்கிறது, நான் பேசுகிறேன். குரோம்பேட்டையில் இரண்டு போர்ஷன் வாடகைக்கு விட்டிருக்கிறேன். யார் குடி வருகிறார்கள் என்று வீட்டுக்காரனிடம் மறைப்பது ஏமாற்று இல்லையா? ஒரே போர்வெல், ஒரே மொட்டை மாடி. பொது பாத்ரூம் உள்ள வீடுகளும் உண்டு. எனக்கு வெறுப்பு இல்லை. தெரியாததால் கேட்கிறேன்.


குடைராட்டினம்:

பழையநோட்டீஸ் ஐயா, இருவரும் சேலையூர் பக்கம் வேறு வீட்டில் இருக்கிறார்கள். பெண் தேர்வு எழுதிவிட்டாள். மார்க் குறைவு.

வாடகைவிடுபவன் சார், வெறுப்பில்லாமல் கேட்டதற்கு நன்றி. போர்வெல், பாத்ரூம், தட்டு, டம்ளர், கொசு எதிலும் இது பரவாது. தினம் மாத்திரை எடுத்து, வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி அங்கேயே நின்றவரிடமிருந்து உடலுறவு வழியாகக்கூடப் பரவாது. அப்படி இருக்கும்போது மொட்டை மாடி என்ன செய்யும்?


பிரிவு8:

வழக்கறிஞர். வாடகைவிடுபவன் கேட்டது நியாயமான கேள்வி, பதில் சட்டத்தில் இருக்கிறது. 2017ஆம் ஆண்டின் எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம், 2018 செப்டம்பர் 10 முதல் நடைமுறையில் உள்ளது. பிரிவு 3, வீடு வாங்குவதிலும் வாடகைக்கு எடுப்பதிலும் குடியிருப்பதிலும் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. அரசு மட்டுமல்ல, எந்த நபரும். உங்களையும் சேர்த்து, மாடிவீட்டுக்காரரையும் சேர்த்து. பிரிவு 8, ஒருவரின் நிலையை அவருடைய ஒப்புதல் இல்லாமல் இன்னொருவர் வெளியிடக் கூடாது என்கிறது. ஆகவே சொல்லாமல் இருப்பது ஏமாற்று இல்லை. சொல்லிவிடுவதுதான் தவறு. உங்களிடம் குடிவருபவர் தன் சர்க்கரை அளவைச் சொல்கிறாரா?

இந்தச் சட்டம் காப்பது தொற்று உள்ளவரை மட்டும் இல்லை. அவரோடு ஒரே வீட்டில் வாழ்பவரும் 'பாதுகாக்கப்பட்ட நபர்' என்ற வரையறைக்குள் வருகிறார். அதாவது தொற்றே இல்லாத அந்தப் பத்தாம் வகுப்புப் பெண்ணும். கணவர் வீட்டிலிருந்து துரத்தப்படும் பெண்களுக்குப் பிரிவு 29 இருக்கிறது. சேர்ந்து வாழ்ந்த வீட்டில் தங்கும் உரிமையைத் தனியாகவே சொல்கிறது. வழக்குப் போட்டால் பெயர் வெளியே வருமே என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. புனைபெயரில் வழக்கை நடத்த நீதிமன்றம் அனுமதிக்கலாம், பிரிவு 34.

குடைராட்டினத்துக்குத் தனியாக ஒன்று. ஒப்புதல் படிவம் வைத்திருப்பீர்கள். கையெழுத்தும் இருக்கும். இந்தச் சட்டம் ஒப்புதல் என்று எதைச் சொல்கிறது தெரியுமா? வற்புறுத்தலோ, தகாத செல்வாக்கோ இல்லாமல், நன்மை தீமையை அவருக்குப் புரியும் மொழியில் விளக்கி வாங்குவது. வாடகை கட்டுகிற கையே படிவத்தையும் நீட்டினால், எதிரே இருப்பவர் 'வேண்டாம்' என்று சொல்ல முடியுமா? அந்தக் கையெழுத்தின் எடை எனக்குத் தெரியாதா என்ன.


19வருஷம்:

பெயரிலேயே இருக்கிறது, 19 வருடமாக எச்.ஐ.வி.யுடன் இருக்கிறேன். இவ்வளவு பேர் எங்களைப் பற்றிப் பேசுகிறீர்கள், நானும் கொஞ்சம் பேசிக்கொள்கிறேன்.

எல்லோரும் 'மறை, மறை' என்கிறீர்கள். மறைப்பதற்கும் விலை உண்டு. எச்.ஐ.வி.யுடன் வாழ்பவர்களின் அமைப்புகளான ஐ.என்.பி. பிளஸ் 1997இலும், பாசிட்டிவ் விமன் நெட்வொர்க் 1998இலும் இதே சென்னையில் தொடங்கியபோது, முகத்தையும் பெயரையும் வெளியே வைத்து நாலு பேர் பேசினார்கள். 2004 ஏப்ரலில் அரசு ஆஸ்பத்திரியில் இலவச ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யைக் கட்டுப்படுத்தும் மாத்திரை) வந்ததற்கு அப்படிப் பேசினவர்களும் ஒரு காரணம். அவர்கள் எல்லோரும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றிருந்தால் நான் இன்று இந்த இழையில் இருந்திருப்பேனா?

அப்புறம் உங்கள் போட்டோக்கள். ஜன்னல் கம்பி, இருட்டு, தலை குனிந்த ஒரு உருவம், கறுப்பு வெள்ளை. எந்த நிறுவனத்தின் ஆண்டறிக்கையைத் திறந்தாலும் நான் ஜெயிலில் இருப்பதுபோலத்தான் இருக்கிறேன். அடையாளம் தெரியாமல் காட்ட வேண்டும் என்றால் அழுவதுபோல் காட்ட வேண்டும் என்று யார் சொன்னது?

வீடு எங்களுக்கு என்ன தருகிறது என்று சொல்லட்டுமா? நான் ஆறு பேர் தங்கும் மேன்ஷன் அறையில் மூன்று வருடம் இருந்தேன். மாத்திரை டப்பா வாங்கி வந்ததும் முதல் வேலை, அரசு முத்திரை உள்ள லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரிப்பது. இரண்டாவது வேலை, மூடியைத் திறந்து உள்ளே பஞ்சு அடைப்பது. பைக்குள் நடக்கும்போது கலகலவென்று சத்தம் வரக் கூடாது. ராத்திரி ஒன்பது மணி மாத்திரையை பாத்ரூமுக்குள் போய்க் குழாய்த் தண்ணீரில் விழுங்குவேன். வரிசையில் ஆள் நின்றால் பத்தே முக்காலாகும், சில நாள் விட்டும் போகும். தனி அறை கிடைத்த அன்று டப்பாவை லேபிளோடு ஜன்னல் ஓரம் வைத்தேன். அவ்வளவுதான். அதற்கு எதற்குக் கண்ணீர்ப் போட்டோ?


மழைக்காகிதம்:

19வருஷம் எழுதியதைப் படித்துவிட்டு இதை எழுதக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். நான் நிதி திரட்டும் பக்கத்தில் இருப்பவன். அறங்காவலர் சொன்னது முழுப் பொய் இல்லை. ஒரு முகம், ஒரு கதை இருந்தால் கொடுப்பார்கள். 'வாடகை உதவித் திட்டம், இரண்டாம் கட்டம்' என்று எழுதினால் யாரும் கொடுக்க மாட்டார்கள். குழந்தைகள் இல்லத்துக்குக் கிடைப்பதில் பாதிகூடப் பெரியவர்களின் வாடகைக்குக் கிடைக்காது. இது என் அனுபவம்.

(குழந்தைகள் என்றதும் ஒன்று. இல்லத்துப் பராமரிப்பில் உள்ள குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015 சிறார் நீதிச் சட்டத்தின் பிரிவு 74படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் வரை அபராதம். பிறந்தநாள் கேக் வெட்டும் நன்கொடையாளர் செல்ஃபிகளை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.)

ஆனால் கம்பெனி கேட்பதன் பின்னால் இருப்பது என்ன என்று பாருங்கள். அங்கே இருக்கும் சி.எஸ்.ஆர். மேலாளருக்குப் போட்டோ ஆசை ஒன்றும் இல்லை. 'பணம் போய்ச் சேர்ந்ததா' என்று அவருடைய மேலதிகாரி கேட்பார், அதற்கு ஒரு தாள் வேண்டும். போட்டோ சுலபமான தாள், அவ்வளவே. வேறு தாள் கொடுங்கள். தணிக்கையாளர் வாடகை ஒப்பந்தங்களையும் வங்கிப் பட்டியலையும் நேரில் சரிபார்த்து, முகவரி இல்லாமல் சான்று எழுதித் தரலாம். கம்பெனியிலிருந்து ஒரே ஒருவர், கேமரா இல்லாமல், உங்கள் அலுவலகத்துக்கு வந்து கோப்புகளைப் பார்க்கலாம். பெயருக்குப் பதில் எண் போட்டுப் பட்டியல் தரலாம். இதைக் கடைசி நேரத்தில் கெஞ்சாமல், ஒப்பந்தம் போடும்போதே எழுதிவிட வேண்டும். பிரிவு8 சொன்ன சட்டத்தின் பெயரை ஒரு வரியில் சேருங்கள். கம்பெனிகள் நம் கண்ணீருக்குப் பயப்படாது, தங்கள் சட்டப்பிரிவு ஆட்களுக்குப் பயப்படும்.


ஹட்சன்கரை:

நான் நியூஜெர்சியில் இருக்கிறேன், இங்கே ஒரு வாடகை உதவி அமைப்பில் வார இறுதியில் தன்னார்வலர். இங்கே 1990இல் இருந்தே இதற்கென்று தனிக் கூட்டாட்சித் திட்டம் உண்டு, சுருக்கமாக ஹாப்வா என்பார்கள். நான் போய்ச் சேர்ந்த முதல் வாரம் எனக்குச் சொல்லிக் கொடுத்தது உறை ஒட்டுவது. சிரிக்காதீர்கள். வீட்டுக்காரருக்குப் போகும் காசோலையிலும் உறையிலும் நோயின் பெயர் வரும் எதுவும் இருக்கக் கூடாது. அனுப்புநர் பெயர், வங்கிக் கணக்கின் பெயர், போனை எடுத்ததும் சொல்லும் முதல் வார்த்தை வரைக்கும் அதே கவனம்.

குடைராட்டினம், உங்கள் அறக்கட்டளையின் பெயரில் எச்.ஐ.வி. என்றோ 'பாசிட்டிவ்' என்றோ இருக்கிறதா? வாடகையை ஆன்லைனில் போடும்போது வீட்டுக்காரர் போனில் என்ன பெயர் விழுகிறது?

இன்னொன்று. 1987இல் லண்டன் மிடில்செக்ஸ் ஆஸ்பத்திரியில் இளவரசி டயானா கையுறை இல்லாமல் ஒரு நோயாளியோடு கைகுலுக்கிய படம் எல்லோருக்கும் தெரியும். தொட்டால் ஒட்டும் என்ற பயத்தை உடைத்ததில் அந்தப் படத்துக்குப் பெரிய பங்கு. அதில் அந்த நோயாளியின் முகத்தை யாராவது பார்த்திருக்கிறீர்களா? கேமராவுக்கு முதுகு. முகத்தைக் காட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் ஒப்புக்கொண்டார். உலகத்திலேயே பெரிய எய்ட்ஸ் போட்டோக்களில் ஒன்று முகமில்லாத போட்டோ. அறங்காவலரிடம் சொல்லுங்கள்.


19வருஷம்:

அந்தப் படத்தில் அவர் தலை குனியவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். கையை நீட்டிக் குலுக்குகிறார்.

முகம் காட்டுவதா வேண்டாமா என்பதை நான் முடிவு செய்கிறேன். இப்போது என் சொந்த வீடு, என் பெயரில் பத்திரம், என்னை யாரும் காலி செய்யச் சொல்ல முடியாது. அதனால் மேடையில் பேசுகிறேன். வாடகைக்கு இருப்பவரைப் பேசக் கேட்காதீர்கள். அட்வான்சைத் திருப்பித் தர வேண்டியவன் எதிர்வீட்டில் உட்கார்ந்திருக்கும்போது என்ன வீரம் பேசுவது?


வாடகைவிடுபவன்:

படித்துக்கொண்டுதான் இருக்கிறேன். சர்க்கரை அளவு கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்காரன் பக்கத்திலிருந்து இரண்டு விஷயம், உபயோகப்பட்டால் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, எங்களுக்கு நோயைவிடப் பெரிய பயம் வாடகை வராமல் போவது. உங்கள் நிறுவனம் ஆறு மாதம் பொறுப்பு என்றால் அதை முதலில் சொல்லுங்கள், பாதி வீட்டுக்காரர்கள் மேற்கொண்டு எதுவும் கேட்க மாட்டார்கள். இரண்டு, பத்து மாத அட்வான்சை யாரும் கட்டாதீர்கள். 2019இல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறாக எழுதாத வரை, மூன்று மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது. நானே அதற்கு மேல் வாங்கிக்கொண்டிருந்தேன், மகன் சொல்லித்தான் குறைத்தேன். நீங்கள் சட்டத்தைக் காட்டிப் பேசினால் ஒரு வீட்டுப் பணத்தில் கிட்டத்தட்ட இரண்டு வீடு பிடிக்கலாமே.


குடைராட்டினம்:

ஹட்சன்கரை, உங்கள் கேள்வியைப் படித்துவிட்டு நேராகக் கணக்கரிடம் போய் அவர் போனிலிருந்து என் போனுக்கு ஒரு ரூபாய் போடச் சொன்னேன். எங்கள் அறக்கட்டளையின் முழுப்பெயர் வந்து விழுந்தது. அதில் 'பாசிட்டிவ்' இருக்கிறது. மாதா மாதம் ஐந்தாம் தேதி நாங்களே வீட்டுக்காரர்களுக்குச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்திருக்கிறோம். வாடகைக்கு மட்டும் பொதுப்பெயரில் தனிக் கணக்கு தொடங்க முடியுமா என்று வங்கியில் கேட்டிருக்கிறோம். அதுவரை குடியிருப்பவர் கணக்கில் போட்டு அவர்களே கட்டுவதாக ஏற்பாடு.

நன்கொடைக் கடிதத்தையும் மாற்றி எழுதினேன். 19வருஷம் அவர்களிடம் தனிச்செய்தியில் கேட்டு, அவர் சொன்ன பிறகுதான் இங்கே போடுகிறேன்:

"தாம்பரத்துக்கும் பல்லாவரத்துக்கும் நடுவே எங்கேயோ ஒரு ஜன்னல். அதன் ஓரத்தில் ஒரு மாத்திரை டப்பா இருக்கிறது, லேபிள் கிழிக்காமல். அந்த டப்பாவுக்குச் சொந்தக்காரர் மூன்று வருடம் அதைப் பஞ்சு அடைத்து மறைத்து வைத்திருந்தவர். இப்போது ராத்திரி ஒன்பது மணிக்குக் கதவைத் தாழிட்டு, சொம்பில் தண்ணீர் எடுத்து, உட்கார்ந்து விழுங்குகிறார். ஜன்னல் எந்தத் தெருவில் என்று சொல்ல மாட்டோம். பாவம் போன்ற எச்.ஐ.வி. பாதித்த அந்த மனிதருக்கு நீங்கள் கொடுக்கும் வாடகை அந்தத் தாழ்ப்பாளுக்கான விலை."

படமாக ஒரு தாழ்ப்பாள் மட்டும், எங்கள் அலுவலகக் கதவுதான்.


பழையநோட்டீஸ்:

நன்றாக இருக்கிறது. ஆனால் 'பாவம் போன்ற' அங்கே எப்படி வந்தது? அறங்காவலர் கையா? எடுத்துவிடுங்கள். 'எச்.ஐ.வி. பாதித்த'வும் வேண்டாம், 'எச்.ஐ.வி.யுடன் வாழும்' போதும். 'அந்த டப்பாவுக்குச் சொந்தக்காரர்' என்பது எனக்குப் பிடித்தது. இருபது வருடம் பிரசுரம் எழுதினேன், ஒருவரையும் எதற்கும் சொந்தக்காரர் என்று எழுதினதில்லை.


மழைக்காகிதம்:

தொகையைச் சொல்லாமல் விட்டுவிட்டீர்கள். ஒரு மாத வாடகை எவ்வளவு என்று கடைசி வரியில் எண்ணாகவே போடுங்கள். தாழ்ப்பாளில் மயங்கினவன் அங்கேயே நின்றுவிடுவான், எவ்வளவு அனுப்ப வேண்டும் என்று தெரிந்தால்தான் போனை எடுப்பான்.


குடைராட்டினம்:

அறங்காவலர் கைதான். எடுத்தாயிற்று. தொகையும் போட்டாயிற்று.

கம்பெனிக்கு மழைக்காகிதம் சொன்னபடியே தணிக்கையாளர் சான்று, எண் பட்டியல், கேமரா இல்லாத ஒரு வருகை என்று எழுதி, சட்டத்தின் பெயரையும் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை, தூக்கமும் இல்லை. மூன்றாம் நாள் அந்த மேலாளரே கூப்பிட்டு, பழைய படத்தைப் பக்கத்திலிருந்து எடுத்துவிட்டதாகச் சொன்னார். "இதை நீங்கள் முதல் வருடமே சொல்லியிருக்கலாமே" என்றும் கேட்டார். சொல்லியிருக்கலாம்தான்.

அவர்கள் கொடுத்த பெயர்ப்பலகையைக் கழற்றி அலுவலகப் பின்கட்டில் சாத்தி வைத்திருக்கிறோம். எட்டு அடி நீளம், நல்ல கெட்டித் தகடு. மழைக்குத் தண்ணீர் மோட்டார் மேல் கவிழ்க்கலாம் என்று காவலாளி அண்ணன் கேட்கிறார். எழுத்துப் பக்கம் கீழே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன்.